மூச்சைக் கவனிக்கச் சொல்லும் செயலி: ஓர் இடுப்பு வலிக்காரரின் 11 மாதக் கணக்கு

என் இடுப்பு வலிக்கு இது ஏழாவது ஆண்டு. கோவையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை; மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரம் இருக்காது. இதுவரை எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களும் கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே ஜவ்வு சற்றுப் பிதுங்கியிருப்பதைக் காட்டின. அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அறுக்கவும் வேண்டாம், ஆறவும் ஆறாது என்பதுதான் அந்த நிம்மதியின் மறுபக்கம் என்று புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. தைலம், பெல்ட், வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, நரம்பு மாத்திரை, ஊரில் உள்ளவர்கள் சொன்ன எண்ணெய்க்கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. சென்ற ஆண்டு, மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று கேட்கப் போயிருந்தபோது, "கூட்டுவதற்கு முன்னால் எட்டு வாரம் மூச்சுத் தியானம் செய்து பாருங்கள் சார், நஷ்டம் ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னார். நஷ்டம் ஏறத்தாழ 3,500 ரூபாய் என்பது வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடியபோதுதான் தெரிந்தது.

நான் வாங்கிய செயலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதன் மீது எனக்கு இருக்கும் மனக்குறைகள் பலவும் அந்த வகைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதால், ஒன்றை மட்டும் தனியாக நிறுத்திவைப்பது நியாயமாக இராது. ஆங்கிலத்தில் பேசும், ஆண்டுச் சந்தா வாங்கும், தூக்கத்துக்கு ஒரு பகுதி, பதற்றத்துக்கு ஒரு பகுதி, வலிக்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருக்கும் செயலி என்று சொன்னால் போதும். வலிக்கான பகுதி எட்டு வாரத் தொடர். நாளுக்கு ஓர் ஒலிப்பதிவு. முதல் வாரத்தில் 10 நிமிடம், கடைசி வாரங்களில் 40 நிமிடம் வரை நீளும். நமக்குப் பிடித்த குரலை, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவரில், நாமே தேர்ந்துகொள்ளலாம்.

தொடரின் கட்டமைப்பு புதிதன்று. 1979-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மூலக்கூறு உயிரியல் படித்த அவர், மருத்துவர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த நாட்பட்ட வலிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பௌத்தத் தியான முறைகளிலிருந்து சமயப் பகுதியைக் கழித்துவிட்டு, மூச்சைக் கவனிப்பதையும் உடம்பை உறுப்பு உறுப்பாகக் கவனித்து வருவதையும் கற்றுக்கொடுத்தார். 51 வலி நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1982-இல் வெளிவந்தது. முதலில் 10 வாரமாக இருந்த அந்தப் பயிற்சி பின்னர் 8 வாரமாயிற்று. இன்றைக்குச் சந்தா வாங்கும் செயலிகள் பெரும்பாலும் இந்த எட்டு வாரத்தைத்தான் துண்டு துண்டாக நறுக்கி, மழைச் சத்தமும் புல்லாங்குழலும் சேர்த்து விற்கின்றன. அந்த வகுப்பில் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் மற்ற வலிக்காரர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும், வீட்டில் நாளுக்கு 45 நிமிடம் செய்ய வேண்டும். செயலியில் நாம் தனியாள் என்பது பெரிய வேறுபாடு.

இனி, அது என்ன செய்தது என்பது. பின்னிரவு 3 மணி வாக்கில் புரண்டு படுக்கும்போது வலது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை நரம்பு சுண்டி இழுக்கும். இது எனக்கு நெடுநாள் வழக்கம். இழுத்த மறுகணம் நான் என்ன செய்கிறேன் என்பதை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. இரண்டாவது வாரத்தில், வலி வரும்போது மூச்சு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், மாற்ற வேண்டாம் என்று அந்தப் பெண் குரல் சொல்லியிருந்தது. அன்றிரவு பார்த்தேன். மூச்சு எங்குமே இல்லை. பல்லைக் கடித்து, தோள்களைக் காதுவரை ஏற்றி, வயிற்றைக் கல்லாக இறுக்கி, மூச்சை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். இழுப்பு சில நொடிகளில் அடங்கிவிட்டது. இறுக்கமோ அடுத்த இழுப்பை எதிர்பார்த்துக் கால் மணி நேரம் காவல் நின்றது. விலாவிலோ முதுகிலோ சதை பிடித்துக்கொண்டால் அதை மூச்சுப்பிடிப்பு என்று சொல்லும் மொழியில் பிறந்துவிட்டு, வலியும் மூச்சைப் பிடிப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன என்பதை ஆங்கிலச் செயலிக்குப் பணம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு செய்யச் சொல்வது எளிது. நான்கு எண்ணும் வரை மூக்கு வழியாக இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். சும்மா இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். இந்தக் கணக்கில் அது 6 முறைக்கு இறங்கிவிடும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது சற்றுத் தணிவதும் உடம்பின் இயல்பு. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, விடும் மூச்சின்போது கடிவாளத்தைச் சற்று இழுத்துப் பிடிப்பதால் இது நிகழ்கிறது. விடும் மூச்சை நீட்டினால் கடிவாளம் கையில் இருக்கும் நேரமும் நீள்கிறது. ஜவ்வு உள்ளே போய்விடாது. நரம்பின் மீதுள்ள அழுத்தம் அப்படியே இருக்கும். காவல் நிற்கும் தசைகள் மட்டும் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போகும். முன்பு இழுப்பு வந்தால் எழுந்து கூடத்தில் அரை மணி நேரம் நடப்பேன். இப்போது பத்து, பன்னிரண்டு மூச்சுகளில் பெரும்பாலும் மறுபடி தூங்கிவிடுகிறேன்.

நான்காவது வாரம் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் செயலியின் பங்கு பாதி, தமிழின் பங்கு பாதி. வலி இருக்கும் இடத்துக்கே கவனத்தைக் கொண்டுபோய், அது எப்படிப்பட்டது, துடிக்கிறதா, எரிகிறதா என்று பெயரிடச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொற்களோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். எதுவும் என் இடுப்பில் பொருந்தி உட்காரவில்லை. பிறகு நம் சொற்களை எடுத்தேன். எலும்புக்குள் ஆணி திருகுவது போல இருப்பது குடைச்சல். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது தொடையில் தேங்கியிருப்பது உளைச்சல். காலுக்குள் கயிறு போல ஓடுவது இழுப்பு. பாதத்தில் எறும்பு ஊர்வது மதமதப்பு. காலையில் குனிய விடாதது விறைப்பு. தும்மும்போது பளிச்சென்று வெட்டுவது தெறிப்பு. ஒரே வலி என்று ஏழு ஆண்டுகளாக நான் சுமந்திருந்தது, எண்ணிப் பார்த்தால் ஆறு தனித்தனி ஆசாமிகள்; அவர்கள் எப்போதும் சேர்ந்து வருவதில்லை, அவர்களில் இருவர் அவ்வளவு மோசமானவர்களும் இல்லை. இதில் மருத்துவ அடிப்படையும் உண்டு. கனடாவில் ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல், வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, உடம்பு உணர்வது எது, மனம் படும் பாடு எது என்று தனித்தனியே கணக்கிடுகிறது. சித்திரவதை என்பதும் வலிக்கான சொல்தான், குத்தல் என்பதும் வலிக்கான சொல்தான்; ஆனால் முன்னது இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது குறைகள். முதலாவது, உட்காரும் முறை. தரையில் சம்மணமிட்டு முதுகை நிமிர்த்தி உட்காருங்கள் என்றுதான் முதல் வாரத்துப் பதிவுகள் தொடங்குகின்றன. ஜவ்வு பிதுங்கியவர் அப்படிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூச்சைக் கவனிக்க மாட்டார், கடிகாரத்தைத்தான் கவனிப்பார். வலிக்காரர்களுக்கென்றே செய்த தொடரில், படுத்துக்கொண்டும் செய்யலாம் என்ற ஒரு வரி மூன்றாவது வாரத்தில்தான் வருகிறது. என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன முறை எளிது: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணைகளை வைத்துக்கொண்டால் கீழ் முதுகு தானாகப் பாயில் படியும், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டால் மூச்சு ஏறி இறங்குவதும் தெரியும்.

இரண்டாவது, மூச்சை அடக்கும் பயிற்சிகள். நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி அடக்கி, எட்டு எண்ணி விடும் முறை அதில் இருக்கிறது. பலருக்கு அது தூக்கம் வரவழைக்கலாம். அடக்குவதையே வியாதியாக வைத்திருந்த எனக்கு, ஐந்தாவது எண்ணிலேயே வயிறு இறுகித் தோள் ஏறிவிடும். இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டியது. ஒவ்வொரு நாளும் பயிற்சி தொடங்கும் முன் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. முடிந்ததும் மறுபடி போடச் சொல்கிறது. குறைந்தால் வண்ணத்தாள் தூவிக் கொண்டாடுகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் எண் குறைந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு படுத்தால், மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் குறைந்ததா, குறைந்ததா என்று இடுப்பைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருப்போம். வலியை மாற்ற முயலாமல் பாருங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுக் கையால் மதிப்பெண் அட்டையை நீட்டுவது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போனபோது, "உங்கள் 41 நாள் தொடர் அறுந்துவிட்டது" என்று ஒரு செய்தி. நாட்பட்ட வலிக்காரர்களுக்கு ஏற்கெனவே குற்ற உணர்ச்சிக்குப் பஞ்சமில்லை.

பணம் பிடித்த கதையும் உண்டு. ஏழு நாள் இலவசம் என்பதை நம்பி அட்டை எண்ணைக் கொடுத்தேன். இந்தத் தேதியில் பணம் எடுக்கப்படும் என்று வங்கியிலிருந்து முதல் நாளே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஊர்ப்பட்ட விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் அதை நான் பார்க்கவில்லை. அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துப் பிழைப்பவனுக்கு இது தேவைதான் என்று வீட்டில் சொன்னார்கள். நீங்கள் சேருவதாக இருந்தால், சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். இலவச நாட்கள் முடியும் வரை கேட்க முடிகிறது.

குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. இந்தப் பண்டத்தில் நாம் வாங்குவதே குரலைத்தான், அதைவிட முக்கியமாகக் குரல் நிற்கும் இடங்களை. தொடக்க வாரங்களில் அந்த ஆண் குரல் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே ஐந்து நொடி கூட விடுவதில்லை. மூச்சை விடச் சொல்லிவிட்டு நாம் விட்டு முடிப்பதற்குள் கடல், மலை, வெண்மேகம் என்று வருணிக்கத் தொடங்கிவிடுகிறார். பெண் குரலில் இடைவெளி தாராளம். ஆறாவது வாரத்துப் பதிவொன்றில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே பேசாமல் இருக்கிறார், பதிவு அறுந்துவிட்டதோ என்று நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் 3,500 ரூபாய் கொடுக்கலாம்.

தமிழில் கிடைப்பவற்றையும் தேடிக் கேட்டேன். நான் கேட்ட ஏழெட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை, "தங்களது சுவாசத்தின் மீது கவனத்தைச் செலுத்தவும்" என்ற நடையில் பேசுகின்றன. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று நிலையத்தில் ஒலிப்பது போல இருக்கிறதே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்வது போல இல்லை. வேறு சில, மூச்சிலிருந்து பத்தாவது நிமிடத்தில் குண்டலினிக்குப் போய்விடுகின்றன. அதற்கு நான் தயாராக இல்லை, என் இடுப்பும் தயாராக இல்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். உண்டு, விளம்பரங்களில் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 342 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், கபாட்-ஜின் முறை வகுப்புக்குப் போனவர்களில் 60.5 விழுக்காட்டினருக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் 26 வாரங்களில் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் அது 44.1 விழுக்காடு. மூன்றாவது குழுவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை தரப்பட்டது, அவர்களில் 57.7 விழுக்காட்டினர் மேம்பட்டார்கள். ஆக, தியானம் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல முடியாது. வேறு எதற்கும் இல்லாத மகிமை அதற்கு உண்டு என்றும் சொல்ல முடியாது. தியானம் எதுவும் செய்யாமலேயே நூற்றுக்கு 44 பேர் மேம்பட்டிருக்கிறார்கள் என்பதையும் கணக்கெழுதுபவன் பார்க்கத்தான் வேண்டும். 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம், நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பாகப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்தது. செயலிகள் அடிக்கடி காட்டும் இன்னோர் ஆய்வு 2011-இல் வந்தது: நான்கே நாள் தியானம் பழகியவர்களுக்கு வலியின் தீவிரம் 40 விழுக்காடும், வலி தரும் துன்பம் 57 விழுக்காடும் குறைந்ததாம். அவர்கள் 15 பேர், எல்லாரும் நல்ல உடம்புக்காரர்கள், வலி என்பது காலில் சில நொடி வைத்த சூடு. அடுத்த வாரம் வலி இருக்காது என்று தெரிந்தவருக்கும் எனக்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் தீவிரத்தைவிடத் துன்பம் அதிகமாகக் குறைகிறது என்ற அந்த வரிசை என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

என் கணக்கு இது. செயலியின் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, என் நோட்டில் வாரம் ஒருமுறை மட்டும் எழுதினேன். தொடங்கும்போது வலி 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தது. 11 மாதம் கழித்து 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிறது. இதற்காக மட்டும் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு ஐந்து இரவு விழித்தது இரண்டாயிற்று. தேவைப்படும்போது போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை மாதத்துக்கு 20 வாக்கில் இருந்தது 9 ஆயிற்று. திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் போய்வந்தேன். மூன்று ஆண்டுகளாக வண்டி ஏறும் முன்னரே பயந்து தவிர்த்துவந்த பயணம் அது. பல்லடம் தாண்டியதும் இழுத்தது, மூச்சு விட்டேன், இழுத்தபடியே போய்ச் சேர்ந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சேர நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். நரம்பு மாத்திரைகளை, குறிப்பாகப் ப்ரீகாபலின், காபாபென்டின் வகைகளை, தியானம் நன்றாகப் போகிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி மரத்தாலும், காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலும், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும், மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். பதற்ற நோய் உள்ள என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் கால் பாதம் தரையில் படுவதைக் கவனிப்பதற்கு மாறிக்கொண்டார், அதுவும் இதே பயிற்சிதான்.

பணம் கொடுக்காமலும் இதைக் கற்கலாம். பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்ற இணையதளத்தில் கபாட்-ஜின் முறையை ஒட்டிய எட்டு வாரப் பாடம் முழுவதும் இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால் போதும், அட்டை எண் கேட்பதில்லை. சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனாப் பயிற்சி நடக்கிறது; அதற்கும் கட்டணம் இல்லை, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. அந்த மரபை இந்தியாவில் 1969-இல் கற்பிக்கத் தொடங்கிய எஸ். என். கோயங்கா, பர்மாவில் வணிகராக இருந்தவர். தீராத ஒற்றைத் தலைவலிதான் அவரைத் தியானத்துக்கு இட்டுச்சென்றது. அங்கே முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டுமே. ஆனால் விடிகாலை 4 மணிக்கு மணியடித்து, நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே விண்ணப்பிப்பது நல்லது. நான் இன்னும் போகவில்லை.

செயலிக்கு ஐந்தில் மூன்று கொடுக்கலாம்; ஆறாவது வாரத்துப் பெண் குரலுக்கு மட்டும் தனியாக நான்கரை. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பழகிப்போன பன்னிரண்டு நிமிடப் பயிற்சியைத் தமிழில் எழுதி, என் மனைவியைப் படிக்கச் சொல்லிக் கைபேசியிலேயே பதிவு செய்துகொண்டேன். எழுதிக் கொடுத்தது "மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று. அவர் கொங்குக்காரர், மூன்றாவது நிமிடத்துக்கு மேல் தாளைப் பார்க்காமல், "செரி, இப்ப உடுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டில் எந்தச் சண்டையையும் அவர் முடித்துவைக்கும் சொல் அதுதான். ஏழாவது நிமிடத்தில் குக்கர் விசில் ஒன்று கேட்கிறது, அதைத் தொடர்ந்து அடுப்பை அணைக்க அவர் எழுந்துபோன நாற்பது நொடி அமைதி. திரும்பப் பதிவு செய்யலாம் என்று அவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.